கறுப்பு வேட்டியோடு ஒரு கிறிஸ்துமஸ் சந்தை

கள்ளக்குறிச்சியிலிருந்து குடும்பத்தோடு ஒரே நாளில் போய்வர இடம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, அதாவது போன வாரம், கல்வராயன் மலையில் ஒரு கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போய்வந்தோம். வெள்ளிமலையைத் தாண்டிய சின்ன ஊர். பெயரை எழுதக்கூடாது என்று நாத்தனார் கவிதா சொல்லிவிட்டாள். ரீல்ஸ் எடுக்கக் கூட்டம் வந்துவிடுமாம். வெள்ளிமலையில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

உண்மையில் நாங்கள் போனது கவிதாவுக்காக. மலைக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள், அங்கேயே அருளைக் கல்யாணம் செய்துகொண்டாள். அருள் கிறிஸ்தவர். வீட்டில் ஆறு வருடமாகப் பேச்சில்லை, நான் மட்டும் போனில் பேசுவேன். நடுவில் ஒரே ஒரு தடவை என் கணவர் தங்கையைப் போய்ப் பார்த்தார். அப்போது சபரிமலைக்கு மாலை போட்டிருந்ததால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். தான் சமைத்ததைச் சாப்பிட மனமில்லாமல்தான் மாலையைச் சாக்காக வைத்தார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இந்தத் தடவையும் சாப்பிடாமல் வந்தால் உறவு அத்தோடு முறிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

மாலை இல்லாத மாதத்தில் போயிருக்கலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். கரும்பு வெட்டு என்றார், மோட்டார் ரிப்பேர் என்றார். வீம்பு என்றுதான் நான் சொல்வேன். கடைசியில் அவரே போகலாம் என்றபோது மார்கழி பிறந்துவிட்டது, கழுத்தில் மாலை. போனில் "வரோம்" என்று சொன்ன நான் மாலை விஷயத்தை மட்டும் முழுங்கிவிட்டேன்.

காலை ஆறரைக்குக் காரில் கிளம்பினோம். வெள்ளிமலை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். கச்சிராயபாளையத்தில் நானும் மகளும் மட்டும் டீ குடித்தோம். மாலை போட்டால் இவர் வெளியில் டீகூடத் தொடமாட்டார். பெட்ரோல் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம். மகள் யாழினி மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்தாள், கவர் கையில் இருக்கட்டும்.

சர்ச் மைதானத்தில்தான் சந்தை. சாமை, தேன், கடுக்காய், புதுப் பானைகள், குடில் பொம்மைகள், கலர் கலராகப் பேப்பர் ஸ்டார். அதற்கு நடுவே கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக எங்கள் வீட்டுச் சாமி. எல்லோரும் வழிவிட்டார்கள். கேக் கடைக்காரம்மா ஒரு துண்டை நீட்டிவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "வேணாம் சாமி, முட்ட போட்டது," என்று வாழைப்பழம் கொடுத்தார். மனசு லேசாகிவிட்டது எனக்கு.

கவிதா ஸ்டார் கடை போட்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் சிரித்த முகம் சுருங்கிவிட்டது.

"இந்த வாட்டியும் மாலையா அண்ணி?" என்றாள் என்னிடம்.

பதிலுக்குக் காத்திருக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.  கொஞ்ச நேரத்தில், கடையில் நின்ற அருளுக்கு அவளிடமிருந்து போன் வந்தது. கடையை யாழினி கையில் விட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு புதுப் பானையை வாங்கிக்கொண்டு ஓடினார். அழுகிறாளோ, சண்டையோ என்று நான் அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அருள் வந்து கூப்பிட்டார். கொல்லையில் மூன்று கல் கூட்டி அடுப்பு. புதுப் பானையில் சாமைப் பொங்கல். தலைக்குக் குளித்த ஈரத்தோடு கவிதா வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா மாலை போட்ட வருசமெல்லாம் நாந்தான பொங்கிப் போட்டேன். எனக்குத் தெரியாதா? கறி ஆக்குற அடுப்பு வேணாம்னுதான் வெளியில வெச்சேன். இன்னும் இன்னா கொறை, சொல்லுங்க சாமி."

 இவர் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கொறை ஒண்ணுமில்ல. போடு."

இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

கிளம்பும்போது அருள் ஒரு சிவப்பு ஸ்டாரைக் காரில் வைத்தார். கதவைத் திறந்த இவர் திரும்பி, பொங்கலுக்கு முன்னால் இருமுடி கட்டுவதாகவும் இருவரும் வந்து அரிசி போட வேண்டும் என்றும் சொன்னார். இருமுடிப் பையில் அரிசி போடுவது எங்கள் பக்கம் சொந்தபந்தங்களின் உரிமை. ஆறு வருடமாக அவளை அதற்குக் கூப்பிடவில்லை.

"வரோம்ண்ணா," என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு "சாமி" என்றாள்.

போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் சரியாக இல்லை, சில்லறையாகப் பணம் வேண்டும். மதியத்துக்கு மேல் நல்ல தேன் கிடைக்காது. நாலு மணிக்குள் இறங்கிவிடுங்கள், பனி கவிந்தால் வளைவு தெரியாது. இன்னொன்று, மாலை போட்டவரைக் கூட்டிப்போனால் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்டாரை இவரே வாசலில் கட்டி பல்பு போட்டார். நேற்று பஜனைக்கு வந்த குருசாமி அண்ணாந்து பார்த்து, இது இன்னா சாமி என்று கேட்டார்.

"தங்கச்சி வருது சாமி. இருட்டுல வூடு தெரியணுமில்ல," என்றார் இவர்.

அவள் பிறந்து வளர்ந்த வீடு அது.