டோக்கன் தளத்தை நான் முடக்கிய காலை

நாவலூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு லோட் டெஸ்டிங் வேலை. ஓர் இணையதளத்துக்குள் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் நுழைந்தால் அது தாங்குமா, படுத்துவிடுமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டும். ஆயிரம் பேரை எங்கே போய்ப் பிடிப்பது? அதற்கு இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவி ஒன்று வைத்திருந்தோம். ஓர் ஆள் தளத்தில் என்னென்ன செய்வார் என்று ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தால், அது ஆயிரம் போலி ஆட்களாக மாறி அதையே செய்யும். என் லேப்டாப்புக்கு அவ்வளவு சக்தி கிடையாது என்பதால், கிளவுடில் எட்டு மெஷின்களைச் சில மணி நேரத்துக்கு இணையம் வழியாக வாடகைக்கு எடுத்து அங்கிருந்து ஏவுவேன். வேலை முடிந்ததும் அவற்றைத் திருப்பி விட்டுவிடுவேன்.

அப்போது என் கையில் இருந்தது செங்கல்பட்டில் ஒரு கண் மருத்துவமனைக்கு எங்கள் நிறுவனம் செய்துகொடுத்த டோக்கன் தளம். திருக்கழுக்குன்றத்தில் அவர்கள் ஒரு கிளை திறக்க இருந்தார்கள். கூடுகிற கூட்டத்தைத் தளம் தாங்குமா என்று கேட்டிருந்தார்கள். சோதனைக்கென்று தளத்தின் நகல் ஒன்றைத் தனியாக வைத்திருந்தோம். நோயாளிகள் பயன்படுத்தும் அசல் தளத்தின் பக்கமே நான் போகக் கூடாது.

முந்தின நாள் மாலை ஒரு பக்கம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஸ்கிரிப்டில் அசல் தளத்தின் முகவரியைப் போட்டு ஒரே ஒரு முறை ஓட்டினேன். சரியாக வந்தது. முகவரியைப் பழையபடி மாற்றாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எட்டு மெஷின்களையும் ஓடவிட்டேன். மூன்றாவது நிமிடத்தில், பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும் வரைபடம் செங்குத்தாக ஏறியது. பிறகு எல்லாம் பிழையாகவே வந்தது. எனக்குச் சந்தோஷம். எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பதுதானே என் வேலை? 'உடைஞ்சிடுச்சு சார்' என்று மேலாளருக்கு ஒரு மெசேஜ் கூட அனுப்பினேன்.

அவர் போனைக் காதில் வைத்தபடியே என் இடத்துக்கு வந்தார். "ஆஸ்பத்திரியில டோக்கன் விழலையாம். உன் டெஸ்ட் எதுல ஓடுது?"

முகவரியைப் பார்த்தேன். அசல் தளத்தினுடையது. உடனே நிறுத்தினேன். நிறுத்தியும் தளம் எழவில்லை. நான் அனுப்பிய போலி ஆட்களின் வேண்டுகோள்கள் டேட்டாபேஸ் வாசலில் அடைத்துக்கொண்டு நின்றன. சர்வரை அணைத்து மறுபடி கிளப்பி, முதல் டோக்கன் விழ அரை மணி நேரம் ஆயிற்று.

"நெட்வொர்க் பிராப்ளம்னு சொல்லிடலாம்" என்றார் மேலாளர், குரலைத் தாழ்த்தி. கெட்டவர் இல்லை. மருத்துவமனையோடு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம். நானும் தலையாட்டினேன்.

மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி திரும்ப அழைத்தபோது மேலாளர் போனை ஸ்பீக்கரில் போட்டார். அதிகாரியின் பேச்சுக்குப் பின்னால் ஒரு பெண் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. "பதினேழு! பதினேழு யாரு? ஐயா, கண்ணு தெரியலன்னா கைய தூக்குங்க!" கையால் எழுதிக் கொடுத்த டோக்கனைத்தான் கூவி அழைத்துக்கொண்டிருந்தார் என்று புரிந்தது. அதைக் கேட்டதும் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"சார், தப்பு என்னோடது. சோதனைத் தளம்னு நெனச்சு உங்க தளத்து மேல ஓட்டிட்டேன்."

"என்கிட்ட சாரி சொல்லி என்னம்மா பிரயோஜனம்? கவுன்ட்டர்ல இருக்கிறவங்ககிட்ட வந்து சொல்லுங்க" என்று சொல்லி அதிகாரி போனை வைத்துவிட்டார். மேலாளர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மறுநாள் திருப்போரூரில் என் வீட்டிலிருந்து நேராகச் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் யார் என்று சொன்னதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அது? நேத்து ஒரே பேஜாரா பூட்ச்சும்மா. ஜனம் பூரா என்னாண்டதான் கத்திச்சு. நோட்ட கிழிச்சு கிழிச்சு எயுதிக் குட்த்தேன்."

"மன்னிச்சிடுங்கக்கா."

"சரி வுடு. அப்டி ஓரமா குந்து. இங்க இன்னா நடக்குதுன்னு நீயே பாரு."

உட்கார்ந்து பார்த்தேன். என் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு நோயாளியும் தன் பதிவு எண்ணைத் தட்டி, மருத்துவரைத் தேர்ந்து, டோக்கன் எடுத்துப் போய்விடுவார். இங்கே ஒருவருக்கும் பதிவு எண் ஞாபகத்தில் இல்லை. அக்கா ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு, பாதி எழுத்தை அடித்துத் தேடினார். அதே பெயரில் ஒரு நீளப் பட்டியல் வரும். ஊரைக் கேட்டு, அதிலிருந்து பொறுக்குவார். பட்டியல் வரத் தாமதமானால் இன்னொரு பக்கத்தைத் திறந்து அதிலும் தேடுவார்.

"ஏன்க்கா நம்பர் போட்டுத் தேடறதில்ல?"

"நம்பர் எயுதின சீட்ட வூட்லயே வெச்சிட்டு வருதுங்க. பேர்தான் கூடவே வருது."

பெயர்த் தேடலை என் ஸ்கிரிப்ட் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. நான் எழுதிய ஆயிரம் பேரும் சீட்டை மறக்காதவர்கள்.

அலுவலகம் திரும்பி ஸ்கிரிப்டை மறுபடி எழுதினேன். பத்தில் ஏழு பேர் பாதிப் பெயரில் தேடுவார்கள். தாமதமானால் மறுபடி தேடுவார்கள். முகவரியை நான் ஒருமுறையும் மேலாளர் ஒருமுறையும் சத்தமாகப் படித்த பிறகே ஓடவிட்டோம். ஆயிரம் பேரெல்லாம் தேவைப்படவில்லை. அறுபது பேருக்கே நகல் தளம் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு தேடலுக்கும் அது நோயாளிகளின் மொத்தப் பட்டியலையும் முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தது. நான் முடக்காமல் இருந்திருந்தாலும், கிளை திறந்த முதல் வாரத்தில் தளம் தானாகவே முடங்கியிருக்கும். அதை வைத்து என் தவறை நியாயப்படுத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அறிக்கையில் என் தவறையும் தளத்தின் குறையையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தேன்.

தேடலைச் சரிசெய்ய எங்கள் டெவலப்பருக்கு நான்கு நாள் பிடித்தது. அசல் தளத்தின் முகவரி இருந்தால் ஓட மறுக்கும்படி ஸ்கிரிப்டில் நானே ஒரு தடை எழுதினேன்.

புதிய தேடல் அசல் தளத்துக்குப் போன திங்கட்கிழமை, மேலாளர் என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார். மதியம்வரை அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் பெயரை அடித்தார், டோக்கன் கொடுத்தார், அடுத்தவரைக் கூப்பிட்டார். இன்னொரு பக்கத்தை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"எப்டிக்கா கீது?"

"எது?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.