ஊசி கோக்கிற வெளிச்சம்

சோலார் விளக்குப் போடுவதற்காக மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்கி, நோட்டில் கோடு கிழித்து, எது மேல் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவள் நான்தான். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. ஆனைமலையைத் தாண்டி மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு, தோப்புக்கு நடுவே ஓட்டு வீடு. வீட்டில் நானும் என் மாமனாரும் மட்டும். வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூரில் பம்பு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கள் விடியும்போது கிளம்பிவிடுவார். மாமியார் நான் அந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கரண்டுக் கம்பம் எங்கள் தோப்புக்கு ஒரு மைல் தள்ளியே நின்றுவிட்டது.

மாமாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. அதற்குக் காரணம் அரிக்கேன் விளக்குத்தான் என்று அவரே முடிவு கட்டியிருந்தார்.

"முப்பது வருசமாப் பொகையிலயே குந்தியிருந்தா கண்ணு என்னத்துக்காகும் அம்மணி? நல்ல வெளிச்சம் ஒண்ணப் போட்டுட்டாப் போதும். பழையபடி பேப்பர் படிச்சுப்போடுவேன்."

"கோயமுத்தூர் போயி டாக்டர்கிட்டக் காட்டலாமுங்க மாமா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "மொதல்ல வெளிச்சத்தப் போடுங்க, அப்பறம் பாக்கலாம்" என்றார். நியாயம்தானே என்று எனக்கும் பட்டது. அந்த வீட்டில் சாயங்காலம் ஆறரைக்கு மேல் எனக்கே அரிசியில் கல் தெரியாது. பகலில் தோப்புக்குள் வரப்பு மாறாமல் விறுவிறுவென்று நடக்கிற மனிதரின் கண்ணுக்குப் பெரிதாக என்ன வந்துவிடப் போகிறது?

முதலில் வந்தவர் பொள்ளாச்சி பேட்டரிக் கடைக்காரர். இரண்டு விளக்கு, கூரைமேல் ஒரு தகடு என்று எழுதிக் கொடுத்தார். "பேட்டரி எங்கீங்க?" என்று கேட்டேன். "அது தனிங்க" என்றார். மாப்பிள்ளை தனி, தாலி தனி என்கிற கதைதான். இரண்டாவது ஆள் கோயமுத்தூர். இரண்டு விளக்கு, ஒரு குட்டி ஃபேன், பேட்டரியும் சேர்த்தி. விலையும் கைக்கு அடக்கம். மூன்றாவது ஈரோட்டுக்காரர். நான்கு விளக்கு, என் இடுப்பு உயரத்துக்குப் பேட்டரிப் பெட்டி, இரும்பு ஸ்டாண்டு, இரண்டு வருஷத்துக்கு வந்து பார்ப்பது எல்லாம் உண்டு. விலையைப் படித்ததும் நோட்டை மூடிவிட்டேன். கோயமுத்தூர்க்காரர்தான் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு நான்கு விளக்கு எதற்கு?

மாமா அந்தத் தாள்களைக் கையில்கூட வாங்கவில்லை. மூன்று பேரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"வெளிச்சம் எப்படீங்க இருக்கும்?"

பொள்ளாச்சிக்காரர் சொன்னார்: "பௌர்ணமியாட்டம் இருக்குமுங்க."

கோயமுத்தூர்க்காரர் சொன்னார்: "நல்லா பேப்பர் படிக்கலாமுங்க."

ஈரோட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "ஊசி கோக்கலாமுங்க ஐயா" என்றார்.

மாமாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பசித்த பிள்ளைக்குச் சோறு வைத்ததுபோல் ஆகிவிட்டது. "ஊசி கோக்கலாமா? நெசமாலுமா?" என்று இரண்டு தரம் கேட்டார். அந்த ஆள் கிளம்பும்போது வாசலில் நின்று என்னைப் பார்த்து, "பெரியவருக்குக் கண்ணு..." என்று இழுத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க. வெளிச்சந்தான் இல்ல" என்று அவர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பினேன். என் வாய் அப்படி. அதற்குப் பூட்டுப் போட அம்மா வீட்டிலும் ஆள் இல்லை, இங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு மாமாவைப் பார்த்தால் பயம் வர ஆரம்பித்தது.

ஒரு சாயங்காலம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். தோப்பிலிருந்து ஒரு காற்று வந்து அரிக்கேனை அணைத்தது. சிம்னியில் விரிசல் இருந்தது, அதனால் அடிக்கடி அணையும். கும்மிருட்டு. தீப்பெட்டியைத் தரையில் தடவிக்கொண்டே, "இருங்க மாமா, பத்த வெக்கறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் சாப்பிடுகிற சத்தம் நிற்கவே இல்லை. சோற்றைப் பிசைகிற சத்தம், பொரியலை எடுக்கிற சத்தம், டம்ளர் தரையில் உட்காருகிற சத்தம். விளக்கு அணைந்தால் யாராக இருந்தாலும் ஒரு நொடி கை நிற்கும் அல்லவா? அவர் கை நிற்கவில்லை. "கொஞ்சம் ரசம் ஊத்து அம்மணி" என்று அந்த இருட்டில் சாதாரணமாகக் கேட்டார்.

இன்னொன்று அந்தக் கயிறு. வீட்டு வாசலிலிருந்து மாடு கட்டுகிற சாளை வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டியிருந்தார். கயிற்றில் அங்கங்கே முடிச்சு. கிணற்றுப் பக்கம் ஒன்று, தொட்டிப் பக்கம் இரண்டு, சாளைக்குக் கிட்டத்தில் மூன்று. எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா கெடக்குட்டும்" என்றார். கயிற்றில் முடிச்சுப் போட்டுச் செய்வினை வைப்பார்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். நான் பயந்தாங்கொள்ளி இல்லை, ஆனால் தோப்புக்கு நடுவே தனியாக இருந்து பார்த்தால் தெரியும். ஒரு நாள் துணி காயப்போட வேண்டும் என்று சாக்குச் சொல்லி அந்தக் கயிற்றை அவிழ்த்து, பின்பக்கம் இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிவிட்டேன்.

அன்றைக்கு உச்சிவேளை. சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வாசலுக்கும் சாளைக்கும் இடையில் இருக்கிற களத்துக்கு நட்டநடுவில் மாமா நிற்கிறார். கொளுத்துகிற வெயிலில், தலையில் துண்டுகூட இல்லாமல், இரண்டு கையையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு. ஆடவில்லை, அசையவில்லை. கண் திறந்துதான் இருந்தது, நேராகச் சூரியனைப் பார்த்தபடி. அடுப்பில் பருப்புப் பொங்கி வழிந்தது, நான் திரும்பவில்லை. உச்சிப்பொழுதில் முனி நடக்கிற தடத்தில் குறுக்கே போனால் இப்படித்தான் நிறுத்தி வைக்கும் என்பார்கள். கூப்பிட வேண்டும் என்று தெரிகிறது, நாக்கு எழவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவரே, நான் இருக்கிற பக்கம் திரும்பாமல், மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கவுத்த எங்க அம்மணி?"

ஓடிப்போய் அவிழ்த்து வந்து, பழைய இடத்திலேயே கட்டிவிட்டேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

அந்த வாரம் வீட்டுக்காரர் வந்தபோது பேச்சு முற்றிப்போனது. நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கோயமுத்தூர்க்காரர் என்றேன். மாமா ஈரோட்டுக்காரர் என்றார். வீட்டுக்காரர் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்று மாமாதான் முடித்தார்.

எங்கள் பக்கம் கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் பூக் கேட்காமல் செய்யமாட்டார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். மனசில் நினைத்ததைச் சொல்லி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கொட்டேஷனுக்குப் பூக் கேட்ட குடும்பம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

குலசாமி கோயிலில் அன்று வேறு ஆள் இல்லை. வழக்கமாக அந்தப் பக்கம் போகிற குழந்தை யாரையாவது கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். குழந்தையும் இல்லை என்பதால் மாமாவே எடுப்பதாகச் சொன்னார். வீட்டுக்காரர் தேங்காய் உடைக்க வெளியே போயிருந்தார். பூசாரி கற்பூரம் எடுக்க உள்ளே திரும்பினார். மாமா, "ஈரோட்டுக்காரனுக்கே குடுத்தர்லாமா சாமி, வெள்ளப் பூக் குடு" என்று வாய்விட்டுக் கேட்டு, தட்டைத் தடவி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு. உள்ளங்கை நடுவில் செக்கச்செவேல் என்று செவ்வரளி.

மாமா அதைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "வெள்ளப் பூவு! உத்தரவு குடுத்துருச்சு" என்றார். அந்தப் பூவை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு காதில் செருகிக்கொண்டார்.

சாமி முன்னால் நின்றுகொண்டு, சாமி கொடுத்த பூவைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் மாறாமல் ஒரு மனிதர் பொய் சொல்வாரா? உள்ளே வந்த வீட்டுக்காரர் அது பூசாரி கொடுத்த பிரசாதப் பூ என்று நினைத்துக்கொண்டார். மாமனாரைப் பொய்யர் என்று கோயிலில் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அவர். அந்தச் சிவப்புப் பூ காதோரம் ஆடிக்கொண்டே வந்தது. வெளிச்சத்துக்காகச் சாமியையே ஏமாற்றுகிறவர் வேறு எதைத்தான் செய்யமாட்டார் என்று நினைத்தேன்.

ஈரோட்டுக்குப் பணம் போயிற்று. சாமான் வரும்வரைக்கும் ஏதோ ஒன்று நடக்கப் போகிறது என்று தினமும் காத்திருந்தேன். பல்லி கத்தினால் திடுக்கிட்டேன், மட்டை விழுந்தால் திடுக்கிட்டேன். ஒரு நாள் பயம் முற்றிக் கோபமாகிவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல் உரக்கச் சொன்னேன்: "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்திப்போடும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும் இது."

வெளியே கயிறு ஆடிக்கொண்டிருந்தது. மாமா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்க்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் கயிறு நின்றது. வெகு நேரம் கழித்துத்தான் மறுபடி ஆடியது.

ஐப்பசியில் ஆட்கள் வந்து கூரைமேல் ஸ்டாண்டு அடித்து, தகட்டை ஏற்றி, பேட்டரிக்குச் சுத்தத் தண்ணீர் ஊற்றி மூடினார்கள். இரண்டு நாள் வெயிலில் சார்ஜ் ஏறட்டும், சனிக்கிழமை சாயங்காலம் சுவிட்சைப் போடுங்கள் என்று சொல்லிப் போனார்கள். இரண்டு நாளும் நல்ல வெயில். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒரு மழை அடித்துவிட்டு ஓய்ந்தது. அந்த மழையில் நனைந்துதான் வீட்டுக்காரர் வந்து சேர்ந்திருந்தார்.

மாமா குளித்துச் சலவைச் சட்டை போட்டிருந்தார். அரிக்கேனை ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். நல்ல விளக்கு வருகிற அன்றைக்கு அதெல்லாம் எதற்கு என்றார். "ஊசியும் நூலும் எடுத்தா அம்மணி" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். கூடத்துக்கு நடுவே நாற்காலியைப் போட்டு, ஒரு கையில் ஊசி, ஒரு கையில் நூல் என்று உட்கார்ந்தார். பரீட்சைக்கு உட்கார்ந்த பையன் மாதிரி இருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. அத்தனை நாள் பயமும் கொஞ்சம் விட்டதுபோல் இருந்தது.

வீட்டுக்காரர் சுவிட்சைப் போட்டார்.

வெள்ளை வெளேர் என்று வெளிச்சம். சுவரில் இருந்த விரிசல், ஓட்டுக்கடியில் ஒட்டடை, என் கை ரேகை வரைக்கும் தெரிந்தது. ஊசி கோக்கிற வெளிச்சம்தான், ஈரோட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். முகத்தை மேலே தூக்கிச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். களத்தில் நின்றபோது வைத்திருந்த அதே முகம். இரண்டு கண்ணிலும் விளக்கு அப்படியே தெரிந்தது. கண் கூசவில்லை, இமைக்கவில்லை.

"என்றா, இன்னும் போடுலியா?" என்று மகனைக் கேட்டார்.

வீட்டுக்காரரின் கை சுவிட்சிலேயே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தச் செவ்வரளி கண்முன் வந்தது. அணைந்த விளக்கு, கயிற்று முடிச்சு எல்லாம் வந்தன. அவர் சாமியிடம் பொய் சொல்லவில்லை. பூ என்ன நிறம் என்று தெரியாமல், வெள்ளையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, வெள்ளை என்று சொல்லியிருக்கிறார். நான் அவர் கண்ணைச் சாமி குத்தட்டும் என்று சொன்னேன்.

எதற்கும் எதிர்வாய் பேசுகிறவள், அன்று பொய் சொன்னேன்.

"சார்ஜ் இன்னும் ஏறலைங்களாமா மாமா. நாளைக்குத்தான் எரியுமாம்."

"அப்படியா? செரி, செரி. நாளைக்கே ஆகுட்டும். இத்தன நாள் இருந்தாச்சு, ஒரு நாள்தான?" என்றார். உண்மையாகவே சமாதானமாகிவிட்டார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அப்போது திறந்த கதவு வழியாக ஈசல் வந்தது. மழை நின்ற ஈரத்துக்குப் புறப்பட்ட ஈசல், முதலில் நாலைந்து, பிறகு கூட்டமாக. விளக்கைச் சுற்றிச் சுற்றி மோதி, இறகு உதிர்ந்து, மாமாவின் தோளிலும் மடியிலும் விழுந்தது. விரட்டப் போன வீட்டுக்காரர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிட்டார். மாமா மணிக்கட்டில் ஊர்ந்த ஒன்றை இரண்டு விரலால் பிடித்தார். இறகை நீவிப் பார்த்தார். ஐம்பது வருஷம் மண்ணில் கிடந்த குடியானவருக்கு ஈசலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிரிப்பு அவர் முகத்திலிருந்து மெதுவாக இறங்கிப் போனது.

"ஈசல் வந்திருக்குதே அம்மணி" என்றார். "வெளக்கு எரியாத ஊட்டுக்கு ஈசல் எதுக்கு வருது?"

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, நான் நிற்கிற பக்கம் என்று நினைத்துச் சுவரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இந்த ஊசிய வாங்கி வெய்யி அம்மணி. கீழ உளுந்தா யாரையாச்சும் குத்திப்போடும்."