தானாகத் திறந்த கதவு

துபாய் விமான நிலையத்தில் ஒரு மனிதரை மாட்டிவிட்டு நான் வெளியே வந்தேன். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் இந்தச் சாட்சி பொய்யாகிவிடும். அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

சபையில் சிலர், "வெளிநாட்டுல போலீஸ் புடிச்சும் ஆண்டவர் ஒங்கள விடுவிச்சாராமே அக்கா, சாட்சி சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்கும்போதே கை தட்டத் தயாராக இருந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. முழுதாகக் கேளுங்கள். பிறகு தட்டுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் கடலூர் செம்மண்டலத்தில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவள். கணவர் இல்லை. ஒரே மகள் ஜெசி. மாப்பிள்ளை துபாயில் ஏ.சி. மெக்கானிக். 2008-ல் ஜெசிக்கு அங்கேயே பிரசவம் என்று முடிவானது. பார்த்துக்கொள்ள நான் போக வேண்டும். அது ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம். சபையில் எனக்காக ஜெபித்து அனுப்பினீர்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீட்டில் மருந்து கிண்டிக் கொடுப்போம். சுக்கு, திப்பிலி, ஓமம், பனைவெல்லம், நல்லெண்ணெய் எல்லாம் சேரும். கசகசாவும் சேரும். எங்கள் வழக்கத்தில் அது கொஞ்சம் ஜாஸ்தி. வலி தெரியாமல் பெற்றவள் தூங்குவாள் என்பார்கள். சிதம்பரம் போய் நாட்டு மருந்துக் கடையில் எல்லாம் வாங்கி வந்து, காயவைத்து, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டினேன்.

மாப்பிள்ளை போனில் சொன்னார். "அத்தை, எது வேணா எடுத்துட்டு வாங்க. கசகசா மட்டும் வேணாம். இங்க அத போதைப் பொருள் கணக்குல வச்சிருக்காங்க. புடிச்சா ஜெயிலு."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "குருமாவுக்குப் போடுற கசகசாவா போதை? என் பொண்ணுக்கு மருந்து கிண்டுறது நானா நீங்களா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னது காதில் விழவில்லை என்று நான் சொல்ல முடியாது. விழுந்தது. என் பிடிவாதம் பெரிதாக இருந்தது. கசகசாப் பொட்டலத்தை மருந்துப் பையின் அடியில் வைத்து, மேலே ஓமத்தை வைத்தேன்.

சென்னையில் விமானத்துக்குப் பெட்டி போடுகிற இடத்தில் என் பெட்டி எடை கூடிவிட்டது. எதையாவது எடுங்கள் என்றாள் அங்கே உட்கார்ந்திருந்த பெண். நான் அவளிடம் சத்தம் போட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், மெல்லக் கேட்டார்.

"அம்மாவுக்குக் கடலூர் பக்கமா?"

"செம்மண்டலம். ஏன்?"

"திட்டுற தமிழ் நம்மூருத் தமிழா இருந்துச்சு. நான் லால்பேட்டை. பேரு அன்வர். எங்கிட்ட எடை கம்மியாத்தான் இருக்கு. எதுனா குடுங்க, வச்சிக்கிறேன். அங்க போயி வெளில குடுத்துடறேன்."

நம் பக்கத்து ஆட்கள் வெளிநாடு போகும்போது ஒருவர் சாமானை ஒருவர் தூக்குவது சாதாரணம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. பெட்டியைத் திறந்தேன். முறுக்கு டப்பா இருந்தது. ஊறுகாய் இருந்தது. குழந்தைக்குத் தைத்த துணி மூட்டை இருந்தது. என் கை நேராக மருந்துப் பைக்குப் போனது.

"உள்ள என்னம்மா?"

"பிரசவ மருந்துப்பா. பச்ச ஒடம்புக்காரிக்கு."

"ஓ, சரி சரி" என்று தன் பெட்டியில் துணிக்கு நடுவே பத்திரமாக வைத்துக்கொண்டார். டிரைவர் வேலைக்குப் போகிறாராம். முதல் பயணம். அவர் மனைவி வெளியே கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைக் காட்டினார்.

எடைக்காகத்தான் கொடுத்தேன், வேறு எண்ணம் இல்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. முறுக்கு டப்பாதான் கனம்.

துபாயில் இறங்கியதும் முதலில் குளிர் அடித்தது. பாலைவன தேசம் என்றார்களே, இங்கே பல் கிட்டுகிறதே என்று நினைத்தேன். தரையில் என் முகம் தெரிந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இதில் கால்வாசிக் கூட்டம் நின்றாலே காது அடைக்கும். இங்கே அத்தனை பேர் நின்றும் சத்தமே இல்லை. வெள்ளை அங்கி போட்ட அதிகாரிகள் வாயைத் திறக்காமல் விரலை மட்டும் அசைத்தார்கள். நகரும் படியில் கால் வைக்கப் பயந்து நான் நின்றபோது அன்வர், "நானும் புதுசுதாம்மா, விழுந்தா சேர்ந்து விழுவோம்" என்றார். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு கடைசிச் சோதனைக்கு வந்தோம். என் பெட்டி போய் வந்தது. அவருடையதை நிறுத்தினார்கள். திறந்தார்கள். துணிக்கு நடுவிலிருந்து என் பையை எடுத்தார்கள். ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்த அதிகாரி, அடியில் இருந்ததைப் பிரித்ததும் கையை நிறுத்தி இன்னொருவரைக் கூப்பிட்டார்.

அன்வர் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை. என்னம்மா இது என்று கேட்கிற பார்வை.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது நான் ஜெபித்தேன். இதைத்தான் சபையார் கவனமாகக் கேட்க வேண்டும். "ஆண்டவரே, என் பொண்ணு தனியா இருக்கா, என்ன வெளியே கொண்டு போய் விட்டுடும்" என்று ஜெபித்தேன். விசுவாசத்தோடுதான் ஜெபித்தேன். கண்ணீரோடுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. எதிரே இருந்த பெரிய கதவு நான் தொடாமலே திறந்தது. அப்படி ஒரு கதவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆண்டவர்தான் திறந்தார் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நம்பினேன். ஸ்தோத்திரம் கூடச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

வெளியே மாப்பிள்ளை நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அத்தை, கசகசா எடுத்துட்டு வந்தீங்களா?"

"எங்கிட்ட இல்ல. லால்பேட்டைக்காரர் ஒருத்தர் பெட்டில இருந்துச்சு. அவர உள்ள புடிச்சி வச்சிருக்காங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என் வண்டியைப் பிடித்து இழுத்தார். "வாங்க, போயிடலாம். நீங்க போய்ச் சொன்னா ஒங்களையும் புடிச்சி வச்சிருவாங்க. ஜெசிக்கு யாரு இருக்கா? காலைலருந்து இடுப்பு வலிக்குதுன்றா."

அவர் சொன்னதில் தவறில்லை. நானும் கார் நிறுத்துகிற இடம் வரை போனேன். வெளியே வெயில் சுட்டது. கண்ணாடிக் கட்டடங்களின் பளபளப்பில் கண் கூசியது. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கி காரில் வைத்தார். அதில் முறுக்கு டப்பா குலுங்கிய சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் காரில் ஏற முடியவில்லை. இந்த டப்பாவைக் கொடுத்திருந்தால் அவர் இந்நேரம் என்னோடு வெளியே நின்றிருப்பார்.

"நான் திரும்பப் போறேன்" என்றேன்.

"அத்தை, வேணாம்."

"அன்னைக்கி நீங்க வேணாம்னு சொன்னத நான் கேக்கல. இன்னைக்கியும் கேக்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அந்தக் கதவு முன்னால் போய் நின்றேன். திறக்கவில்லை. உள்ளே இருந்து வருகிறவர்களுக்குத்தான் அது திறக்கும், வெளியே நிற்கிறவர்களுக்கு இல்லை. கையால் தட்டினேன். காவலர் போ போ என்று கை காட்டினார். அடுத்த பயணி வெளியே வர, கதவு திறந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடினேன். இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள். எனக்கு ஆங்கிலமும் வராது, அரபியும் வராது. "அந்தப் பை என்னுது, அந்தாளு பாவம்" என்று செம்மண்டலத்துக் குழாயடியில் கத்துகிற மாதிரி கத்தினேன். சத்தமே இல்லாத அந்த இடத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

ஒரு அறையில் உட்கார வைத்து, தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்து வந்தார்கள். அன்வர் எதிர் நாற்காலியில் இருந்தார். உதடு வறண்டிருந்தது. அங்கி போட்ட பெண் அதிகாரி கேட்கக் கேட்க, அந்தத் தமிழர் சொன்னார்.

"இது எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

சொன்னேன். சுக்கிலிருந்து நல்லெண்ணெய் வரை சொன்னேன். மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லாதீங்கம்மா என்று அந்தத் தமிழர் கண் காட்டினார். மறைத்த வரைக்கும் போதும் என்று இருந்தது.

"இவரு ஒங்களுக்கு யாரு?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாதவருக்காகவா உள்ள ஓடி வந்தீங்க?"

"யாரும் இல்லாதவர் பெட்டிலதான என் மருந்த வச்சேன்."

அதை அவர் அரபியில் சொன்னார். அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார். எங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அங்கே உட்கார்ந்துதான் நான் இரண்டாவது ஜெபம் பண்ணினேன். அழுது ஜெபிக்கவில்லை. கோபமாகத்தான் ஜெபித்தேன். கோபம் முழுக்க என் மேல். "ஆண்டவரே, என் பொண்ண நீரே பார்த்துக்கொள்ளும். இந்த மனுஷன வெளிய விடும். என்ன என்ன வேணா பண்ணும்." இதுதான் நான் கேட்டது.

சாயங்காலம் அன்வரை விட்டார்கள். போகும்போது, "வரேம்மா" என்றார். அவ்வளவுதான். என்னை வைத்துக்கொண்டார்கள். பொட்டலத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சமையலுக்கான பொருள்தான், விற்க எடுத்து வந்ததில்லை என்று உறுதியான பிறகு, எச்சரித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னையும் விட்டார்கள். இப்படி வந்தவர்கள் மாதக்கணக்கில் உள்ளே இருந்ததுண்டு என்று அந்தத் தமிழரே சொன்னார். அது ஆண்டவர் செய்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் நான் வெளியே வருவதற்குள் என் பேரன் பிறந்துவிட்டான். வலி எடுத்தபோது ஜெசி, "அம்மா எங்க, அம்மா எங்க" என்று கேட்டிருக்கிறாள். பிளைட் லேட் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். எதற்காகக் கடல் தாண்டிப் போனேனோ அதற்கு நான் இல்லை. தாயும் பிள்ளையும் நலமாக இருந்தார்கள். மருந்து இல்லாமலே ஜெசி நன்றாகத் தூங்கினாள்.

அன்வருக்கு வந்த நஷ்டம் அப்படிச் சரியாகவில்லை. அவரை அழைக்க வந்த கம்பெனி ஆள், அவர் வராததால் போய்விட்டார். டிரைவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு இவரைச் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் போட்டார்கள். வெகுகாலம் அந்த வெயிலில் மூட்டை தூக்கிய பிறகுதான் வண்டி கொடுத்தார்கள்.

இதெல்லாம் நான் ஊர் திரும்பி லால்பேட்டைக்குப் போனபோது அவர் மனைவி மும்தாஜ் சொன்னது. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, நான்தான் அந்தக் கசகசாக்காரி என்று சொன்னேன். டீ கொடுத்தாள். பிறகு சொன்னாள். "அவரு கோவப்படலங்க. நான்தான் படுறேன்." கோவப்படு என்றேன். வேறென்ன சொல்ல?

2010-ல் அன்வர் லீவில் வந்தபோது மும்தாஜே போன் பண்ணிக் கூப்பிட்டாள். போனேன். ஆள் கறுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

எனக்கு ஒரு கேள்வி உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கேட்டேன். "நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேன்ல. அப்பவே கைய நீட்டி அந்தம்மாதான்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லலாம்னுதான் நினைச்சேன். சும்மா சொல்லக் கூடாதும்மா, ரொம்பக் கோவம் வந்துச்சு. ஆனா நீங்க அதுக்குள்ள கதவாண்ட போயிட்டீங்க. கதவும் மூடிடுச்சு. அப்புறம் சொன்னா எவன் நம்புவான்?"

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"துஆ கேட்டேன். யா அல்லா, அந்தம்மாவத் திருப்பி அனுப்புன்னு."

மும்தாஜ் உள்ளேயிருந்து, "திருப்பி அனுப்புனான்ல, அப்புறம் என்ன, மீன் கொழம்பு ஆறுது, வாங்க" என்றாள்.

சபையாரே, பதில் கிடைத்த ஜெபம் அதுதான். என்னை வெளியே விடும் என்று நான் கேட்டதற்குக் கதவு திறந்தது உண்மை. அது யார் வந்தாலும் திறக்கிற கதவு. வேண்டாம் என்று மாப்பிள்ளை இழுத்தும், பெண் வலியில் இருந்தும், முறுக்கு டப்பா சத்தத்தில் என் காலை நிறுத்தித் திருப்பியது ஆண்டவர். உள்ளே அடைபட்டிருந்த அந்த மனிதர் கேட்டதற்காகத் திருப்பினார். நம் சபைக்காரர் இல்லையே அவர் என்று உங்களில் யாராவது முணுமுணுத்தால், என் வீட்டுக்கு வந்து முணுமுணுங்கள், பதில் சொல்கிறேன்.

அதன்பிறகு என் பிடிவாதம் முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது. இப்போதெல்லாம் என் இக்கட்டிலிருந்து வெளியே விடும் என்று ஜெபிக்கும்போது, உள்ளே யாரை விட்டுவிட்டு வருகிறேன் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். நீங்களும் பாருங்கள். பார்த்துவிட்டுப் பயப்படாமல் திரும்பிப் போங்கள். போகிறவர்களை ஆண்டவர் கைவிடுவதில்லை. நான் போய்ப் பார்த்தவள்.

போன வருஷம் ஜெசியின் இரண்டாவது பிரசவத்துக்குப் போனேன். கிளம்புவதற்கு முன் மும்தாஜ் கடலூருக்கு வந்து, அன்வருக்கென்று ஒரு பார்சல் கொடுத்தாள். நன்றாகச் சுற்றித் தைத்திருந்தாள்.

"பிரிச்சிப் பார்த்துட்டுத்தான் எடுத்துட்டுப் போவேன்" என்றேன்.

"பாருங்க, நல்லாப் பாருங்க. ஒங்களுக்குத்தான் தெரியும் எதெது எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு" என்றாள். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாள்.

தையலைப் பிரித்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துப் பார்த்தேன். மறுபடி அடுக்கி, என் மிஷினிலேயே தைத்தேன். விமானத்துக்கு இந்த முறையும் எடை கூடியது. முறுக்கு டப்பாவை வெளியே எடுத்து, வழியனுப்ப வந்த அக்கா மகனிடம் கொடுத்தேன். பார்சலை என் பெட்டியில்தான் கொண்டுபோனேன்.