கவுன்டர் நம்பர்

தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருளை எழுதியவன் நான்தான், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு. லட்சக்கணக்கான வரிகளில் ஒரு ஆளைச் சட்டென்று தேடிப் பிடிக்க எதை இன்டெக்ஸாக, அதாவது அடையாளச் சாவியாக, வைக்கலாம் என்று கேட்டார்கள். பெயர் வேண்டாம் என்றேன். எங்கள் பக்கம் சாமி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதி பஸ் திரும்பிப் பார்க்கும். "செல் நம்பர் போதும், சொடக்குப் போடுவதற்குள் வரும்" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். நம்பர் இல்லாமல் பதிவே ஏறாதபடி பூட்டும் போட்டேன்.

குற்றாலத்தை மறந்துவிட்டேன், மடையன். அருவியில் வழுக்கி விழுந்தவன் ஈரத்துண்டோடு வருவான், போன் காரில் கிடக்கும். கவுன்டர் பெண்கள் ஆஸ்பத்திரி நம்பரையே அடித்து ஆளை உள்ளே அனுப்பிவிட்டார்கள். வருஷக்கணக்காக.

இந்த சீசனுக்கு ஊருக்கு வந்திருந்தேன். எண்ணெய் தேய்க்காதே என்று போர்டு வைத்திருக்கும் ஐந்தருவியில், தலைவழிய எண்ணெய் தேய்த்துக்கொண்டு போன என் அப்பா விழுந்து காலை ஒடித்துக்கொண்டார்.

"ஒரு ஊசி எனக்கு ஆவாதுன்னு இங்கனதான் சொன்னாவ. பேரு மறந்துட்டுலே" என்று அதே ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் துடித்தார். அது என்னவென்று பார்க்காமல் வலிக்கு ஊசி போட மாட்டேன் என்றார் டாக்டர்.

அப்பாவிடம் செல் கிடையாது. கவுன்டர் பெண் ஆஸ்பத்திரி நம்பரையும் அவர் பெயரையும் அடித்தாள். திரை சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"இந்த நம்பர போட்டா இப்பிடித்தான் சார் சுத்தும். நாங்க டீ குடிச்சிட்டு வந்துருவோம். எவன் செஞ்சானோ!"

அந்த எவனாகிய நான் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். ஒரு நம்பருக்கு நாலைந்து பேர்தான் இருப்பார்கள் என்று நம்பிய அந்த எந்திரம், அதே நம்பரில் குவிந்து கிடந்த அத்தனை பேரையும் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

லேப்டாப்பைத் தரையில் விரித்தேன். நல்லவேளை, நோயாளி வந்த தேதிக்கும் ஒரு இன்டெக்ஸ் இருந்தது.

"அப்பா, இங்க எப்ப வந்திய?"

"காச்சல்ல வந்தேன்... தீவாளிக்கு வரலன்னு பக்கத்து வீட்டுக்கு போன் பண்ணுனியேலே, அன்னைக்கு."

அந்தத் தேதி எனக்குத் தெரியும். "நான் நல்லாத்தாம்லே இருக்கேன்" என்று சொல்லித்தான் அன்று போனை வைத்தார்.

தேதியை அடித்ததும் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. மருந்தின் பெயரைக் கத்தினேன். வேறு ஊசி போட்டார்கள். அரைமணி நேரத்தில் அப்பா டீ கேட்டார்.

திரையில் அந்த வரி அப்படியே இருந்தது. மூன்று நாள் படுக்கையில் இருந்திருக்கிறார். 'உடன் இருப்பவர்' என்ற கட்டம் காலி. அதற்கு நான் பூட்டுப் போடவில்லை.