கோவிந்தம்மா வீட்டுச் சமையலறைச் சுவர்

போன வாரம் ஒரு காலையில் கோவிந்தம்மாதான் போன் செய்தார். "நர்ஸம்மா போயிட்டாங்க சார். வடலூர் வூட்லதான் வச்சிருக்காங்க, பொறப்பட்டு வாங்க" என்றார். சுலோசனா அக்காவைத் தெரிந்த நெய்வேலிக்காரர்கள் இன்று எந்தெந்த ஊரிலோ இருக்கிறீர்கள். பணி ஓய்வு வந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கிளம்புவதுதானே நம் வழக்கம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர் அக்கா. பிள்ளை பெற்றவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். குழந்தையைப் பார்த்து முடித்ததும் வீட்டையும் ஒரு சுற்று பார்ப்பார். பழைய பிளாக்குகளை இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது அவருக்கு ஒரே பிடிவாதம்: ஒரு குவார்ட்டர்ஸையாவது குடியிருந்த கோலத்திலேயே விட்டுவைக்க வேண்டும். "பெரிய மெஷின் போட்டோவெல்லாம் கம்பெனிக்காரங்களே வச்சிப்பாங்க. நாம அடுப்பு வச்ச எடத்தை யாரு வச்சிப்பா?" என்பார். 'மியூசியம் அக்கா' என்று கேலி செய்தோம். கேலி செய்தவர்களையே அடுத்த மனுவோடு இழுத்துக்கொண்டு போனார். அப்படி மாட்டியவன்தான் நான்.

அவர் கேட்டது கோவிந்தம்மாவின் வீட்டை. கோவிந்தம்மாவின் கணவர் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு கிராமத்துக்காரர். அந்த ஊர் இருந்த இடத்தில் இப்போது பள்ளம்தான். கான்ட்ராக்டில் இருந்து பெர்மனென்ட் ஆகி குவார்ட்டர்ஸ் கிடைத்ததும், பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகச் சமையலறைச் சுவரில் கரியால் தன் ஊரை வரைந்துவைத்தார். கோயில், கிணறு, தெருக்கள், யார் வீடு எங்கே என்பதுவரை. அவர் இறந்து மகன் வேலைக்கு வந்த பிறகும் அது அழியாமல் இருந்தது. "நம்ம ஊர்ல விளக்கெரியணும்னு அழிஞ்சுபோன ஊருப்பா இது" என்று அக்கா அதன் முன்னால் நின்று சொன்னார்.

ஒரு அதிகாரி மனமிரங்கினார். மகன் பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டிய வீட்டுக்குக் கோவிந்தம்மா குடிபோனதும், இதை அப்படியே பூட்டிவைக்கலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார். அன்று அக்கா எனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

சாவி வாங்கப் போனபோது வாசலிலேயே சுண்ணாம்பு நெடி. அந்தச் சமையலறைச் சுவரைத் தேய்த்துக் கழுவி, வெள்ளையடித்து, ஆணி அடித்த ஓட்டைகளைக்கூட அடைத்திருந்தார் கோவிந்தம்மா. காலி செய்கிற வீட்டை நாம் எல்லோரும் அப்படித்தானே ஒப்படைத்தோம்? "கரி புடிச்ச வூட்டையா குடுக்கிறது? நாலு பேரு வந்து பாக்கப்போறாங்கன்னு நீங்கதானங்க சொன்னீங்க. ரெண்டு நாளா தேச்சிகினு இருந்தேன்" என்று பெருமையோடு நின்றார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். "பளிச்சுனு இருக்கு கோவிந்தம்மா" என்றார். பிறகு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், வெறும் வெள்ளைச் சுவர் வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். இடிக்கும் வண்டி வந்த அன்று நானும் அக்காவும் ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்த்தோம். வேறென்ன செய்ய முடியும்? வண்டி நகர்ந்ததும் அவர் குனிந்து, சமையலறைப் பக்கம் கிடந்த ஒரு காரைத்துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "சுரண்டிக் கிரண்டிப் பாக்காதப்பா. உள்ள அந்த ஊரு இல்லாமப் போயிட்டா என்ன பண்ணுவ?"

அக்காவை எரித்துவிட்டு நாங்கள் திரும்புவதற்குள் கோவிந்தம்மா வடலூர் வீட்டைக் கழுவி முடித்திருந்தார். அழுதுகொண்டேதான் கழுவியிருக்கிறார், முகம் வீங்கியிருந்தது. அக்கா படுத்திருந்த இடமும் காய்ந்துகொண்டிருந்தது. நல்லா இருக்கு கோவிந்தம்மா என்றேன்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் காரைத்துண்டு. உள்ளங்கையில் அடங்கும், ஒரு பக்கம் வெள்ளை. அக்கா இருந்தவரை சுரண்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. இப்போது நகம் படவே பயமாக இருக்கிறது.