துருவுக்குக் கீழே சிவப்பு

கார் வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. செகண்ட் ஹேண்ட்தான். இருந்தாலும் என் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் அதுதான் முதல் கார். அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். என் கணவர் காட்டுப்பள்ளியில் கப்பல்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். கப்பலின் பக்கவாட்டில் கயிற்றில் தொங்கிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்வார். ஆனால் கார் ஸ்டியரிங்கைத் தொட்டால் அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

ஒருநாள் காலை நான் வேலை செய்யும் கண்டெய்னர் யார்டு ஆபீஸுக்குப் போகிற வழியில், திருவொற்றியூர் சிக்னலில் எனக்குப் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. அதன் சக்கரத்துக்குள் பளிச்சென்று சிவப்பாக ஏதோ தெரிந்தது. அது என்னவென்று எட்டி எட்டிப் பார்த்ததில் பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனைவிட்டுக் கையையே எடுக்கவில்லை.

ஆபீஸில் போய் உட்கார்ந்ததும் போனில் தேடினேன். அதன் பெயர் காலிப்பர். பிரேக்கை மிதித்தால் சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்பு. அதற்கு வண்ணம் அடித்துக்கொள்கிறார்களாம். வீட்டிலேயே அடிக்கலாமாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எங்கள் கார் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ராயபுரத்து உப்புக்காற்று எங்கள் ஜன்னல் கம்பியையே தின்றுவிடும், இதை விடுமா? சக்கரத்துக்குள் ஒரு துருக்கட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கலாமா?" என்று கேட்டேன்.

"இன்னாமே, சக்கரத்துக்குள்ள கீற இரும்புக்கு பெயின்டா? எவன் பார்ப்பான்?"

"நான் பார்ப்பேன்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் இரண்டு நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார். "சாதா பெயின்ட்டு நிக்காது. பிரேக் புடிக்கச்சொல்ல அந்த இரும்பு கொதிக்கும். சூடு தாங்குற பெயின்ட்டு தனியா கீதாம். ஒர்க்ஷாப்ல கேட்டேன்." சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கே ஆர்டர் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்து வந்ததும் வேலையை ஆரம்பித்தோம். பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார். வீல் ஸ்பேனர் மேல் நான் ஏறி நின்று ஒரு குதி குதித்த பிறகுதான் நட்டுகள் இளகின. ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, சாத்தாங்காட்டில் வாங்கிய இரும்பில் அவருடைய தோஸ்து ஒருத்தர் செய்து கொடுத்திருந்த ஸ்டாண்டுகளைக் கீழே நிறுத்தினோம். பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எங்கள் காருக்குப் பின்னால் காலிப்பரே கிடையாது. இரும்புச் சட்டிபோல ஒரு டிரம்தான். நாலு மஞ்சள் இரண்டாகக் குறைந்ததில் எனக்கு முகம் தொங்கிப்போனது.

"வுடு, ரெண்டு போதும். முன்னாடிதான கண்ணு போவும்" என்றார்.

முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, இடதுபக்கம் கம்பி பிரஷால் தேய்த்தேன். துரு செம்மண் மாதிரி உதிர்ந்தது. பத்து நிமிடம் தேய்த்திருப்பேன். துருவுக்குக் கீழே ஒரு மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. துருவின் சிவப்பில்லை. நல்ல ரத்தச் சிவப்பு. இன்னும் தேய்த்தேன். சிவப்பு நீண்டது.

"இங்க வாங்களேன்! ஏற்கெனவே யாரோ பெயின்ட் அடிச்சிருக்காங்க!"

அவர் பிரஷைப் பிடுங்கி வலதுபக்கம் போய்த் தேய்த்தார். அங்கேயும் சிவப்பு. "போச்சு. எவனோ இத வெச்சி ரேஸ் வுட்டிருக்கான். புரோக்கரு இன்னா சொன்னான்? ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்த வண்டின்னான்ல?"

எனக்கு ரேஸ் பயம் வரவில்லை. என்னைப்போலவே ஒரு ஆள் இதே சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்ததும் கை தானாகப் போனைத் தேடியது. ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாற்றின நேரத்தில் பழைய ஓனரின் நம்பரைப் போனில் போட்டு வைத்திருந்தேன். கையில் இருந்த துருவோடேயே அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கங்க. உங்க கார வாங்கினவங்க பேசுறேன்."

"வண்டிக்கு இன்னாக்கா ஆச்சு?" குரலில் பதற்றம்.

"ஒண்ணும் ஆகல. பிரேக் காலிப்பர தேய்ச்சினு இருந்தேன். உள்ள சிவப்பு பெயின்ட் இருக்கு. அதான்..."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "அய்யோ அக்கா! இன்னும் கீதா அது? நாந்தான் அடிச்சேன்! நானே அடிச்சேன்க்கா! இப்ப எங்க கீறீங்க?"

வீட்டு அடையாளம் சொன்னேன். தண்டையார்பேட்டையிலிருந்து அரைமணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டாள். முப்பது வயதிருக்கும். எங்களுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் சக்கரம் இருந்த இடத்தில் உட்கார்ந்து காலிப்பரைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து எங்களைப் பார்த்து வெட்கப்பட்டாள்.

என் கணவர் பெயின்ட் துணுக்கு ஒன்றை நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி, தப்பா நெனைக்காத. இது இன்னா பெயின்ட்டு?"

"கேட்டு பெயின்ட்டுண்ணா."

"இன்னாது?"

"வூட்டு கேட்டுக்கு அடிச்சது கொஞ்சம் மீந்துச்சு. எங்க வூட்டுக்காரரு டூட்டிக்குப் போனப்புறம் உக்காந்து அடிச்சேன். ரெண்டே மாசத்துல கருகி உரிஞ்சி போச்சு."

கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் முன்னால் இதைச் சொல்லலாமா? அடுப்பில் மண்ணெண்ணெய்க்குப் பதிலாக மோரை ஊற்றினேன் என்று யாரோ சொன்னதுபோல, அவர் துணுக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவை இடுப்பில் கட்டி, என் கையிலிருந்த கம்பி பிரஷைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"மஞ்சள்ல அழுக்கு தெரியுமேக்கா" என்றாள் டப்பாவைப் பார்த்து.

"தெரியட்டும். கழுவுவேன்."

ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டோம். மேற்பார்வை அவர். கப்பலில் என்ன சட்டமோ அதுதான் எங்கள் தெருவிலும். தேய்த்தபின் வெறும் விரலால் தொடக் கூடாது, எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். தகட்டிலும் ரப்பர் குழாயிலும் ஒரு துளி படக் கூடாது. பேப்பர் வைத்து டேப் ஒட்டச் சொன்னார். நான் ஒட்டியதை இரண்டு முறை பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டச் சொன்னார். கடைசியில் டப்பாவைத் திறந்தேன். முதல் தீற்றல். அந்தக் கரிய இரும்பில் மஞ்சள் ஏறியதைப் பார்த்ததும் என்னையறியாமல் "ஏய்!" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து "எனக்கும் ஏறிடுச்சுக்கா!" என்று பதில் வந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாவது பூச்சு முடிகிற நேரத்தில் கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியது. எங்கள் ஏரியாவில் காற்று வெறும் காற்றாக வராது. மணலும் கரித்தூளும் கூடவே வரும். "பெட்ஷீட்டு, பெட்ஷீட்டு!" என்று அவர் அலறினார். நான் ஓடிப்போய்க் கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை உருவிக்கொண்டு வந்தேன். கட்டுவதற்குக் கயிறு இல்லை. நானும் அவளும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றோம். பெட்ஷீட் பாய்மரம்போல உப்பி எங்களை இழுத்தது. மறுபக்கத்துக்கு அவர் ஒரு தார்ப்பாயோடு நின்றார்.

அப்படி நின்றுகொண்டுதான் அவள் காரை விற்ற கதையைச் சொன்னாள். "வூடு மாத்தினோம்க்கா. இப்ப கீற சந்துல ஆட்டோவே நுழையாது. வண்டிய வேற தெருவுல வுட்டுட்டு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. சரி, குடுத்துடலாம்னு குடுத்துட்டோம். புரோக்கரு எடுத்துனு போவச்சொல்ல நான் வெளியவே வரல." பெட்ஷீட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ரெண்டாவது கியரு இன்னும் மாட்டுதா?" என்று கேட்டாள்.

"மாட்டுது. கொஞ்சம் இடதுபக்கம் அமுக்கிப் போடணும்."

"அதேதான்!" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

மூன்று பூச்சு முடித்தோம். ஒருநாள் முழுக்கக் காயவிட்டே தீர வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். கணக்கில் கண்டெய்னர் நம்பரை இரண்டு முறை மாற்றி எழுதினேன். சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தால் அவள் எனக்கு முன்னால் வந்து ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சக்கரங்களை மாட்டினோம். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முடுக்கினோம். பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து, பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுத்தேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில், கடலோரமாக. அவள் என் பக்கத்தில், அவர் பின் சீட்டில். ஓரமாக வந்து இரண்டு முறை அழுத்திப் பிரேக் பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது முறை பிடித்தபோது ஒரு நெடி. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை.

"அக்கா, புகை!"

வண்டியை நிறுத்திவிட்டு மூன்று பேரும் குதித்தோம். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டேன். "ஊத்தாத! சூட்டுல ஊத்தாத!" என்று அவர் என் கையைப் பிடித்தார். மண்டியிட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் மோந்தார். நான் இயேசுவை மனத்துக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல. முத சூடு. பெயின்ட்டு வேவுது, அவ்ளோதான். எங்க கப்பல் பாய்லர் ரூம்லயும் இதே வாசனைதான் வரும்."

பத்து நிமிடம் காத்திருந்தோம். புகை அடங்கியது. சாயங்கால வெயில் சக்கரத்துக்குள் விழுந்து, மஞ்சள் தகதகவென்று தெரிந்தது. நான் சாவியை அவளிடம் நீட்டினேன்.

"நானா?"

"பின்ன யாரு? ஓட்டு."

அவள் வலதுபக்கம் போய் உட்கார்ந்தாள். சீட்டை ஒரே இழுப்பில் முன்னால் நகர்த்தினாள், கண்ணாடியைத் திருப்பினாள், இரண்டாவது கியரை நான் சொல்லாமலே இடதுபக்கம் அமுக்கிப் போட்டாள். எதிரில் வண்டி எதுவும் வரவில்லை. எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த டிரெய்லர் லாரியை வலதுபக்கம் ஒதுங்கி ஒரே மூச்சில் தாண்டினாள். பின் சீட்டில் அவர் "தங்கச்சி, மெதுவா! மெதுவா தங்கச்சி!" என்று கைப்பிடியைத் தேடினார். நான் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, சத்தம் போட்டுச் சிரித்தேன்.