‘பீத்தே ஹை?’ என்று டாக்டர் கேட்டார்

ஐ.சி.யூ. வாசலில் நிற்பவனிடம் வந்து சேர்வது இரண்டு: ஒன்று செருப்பு, மற்றது கேள்வி. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பல வருஷம் தில்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்தக் கதவை நான் பார்த்துக்கொண்டேன். வருகிறவர்களின் செருப்பை வாங்கி வரிசையாக வைப்பது, பச்சை அங்கியை மாட்டிவிடுவது, நோயாளிக்கு ஒருவர் என்று எண்ணி உள்ளே விடுவது. இதற்கு எட்டாம் வகுப்புப் படிப்பு போதும். கூச்ச சுபாவம் இருந்தால் இன்னும் நல்லது.

நீங்களும் என்றைக்காவது அப்படி ஒரு வாசலில், இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். மனதுக்குள் ஓடுவது ‘பிழைப்பாரா?’ என்ற கேள்வி. வாயில் வருவதோ, ‘எதனால வந்தது?’ கணையம் வீங்கி வந்தவர்களின் வீட்டார்தான் இதை அதிகம் கேட்டார்கள்.

இருப்பதே தெரியாது

இருதயம் என்றால் எல்லோரும் சரியான இடத்தில் கை வைத்துக் காட்டுவார்கள். கணையத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கரோல் பாகில் இனிப்புக்கடை வைத்திருந்த ஒருவரை வயிற்றுவலியோடு தூக்கி வந்தார்கள். அவருடைய பெரியப்பாவுக்கு டாக்டர் விளக்கினார்: “இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. சாப்பாட்டைச் செரிக்க நீர் சுரக்கும். அது கெட்டுப்போனால், சுரந்த நீர் கணையத்தையே செரிக்க ஆரம்பித்துவிடும்.”

பெரியவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு யோசித்தார். பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னார்: “இத்தனை வருஷம் உள்ளே உட்கார்ந்து எங்க கடை லட்டைத் தின்னிருக்கு, ஒரு நமஸ்தேகூடச் சொல்லல. இப்ப வீட்டையே கடிக்குதா?”

அசல் நெய்

அதே இனிப்புக்கடைக்காரரின் ரத்தத்தைக் குழாயில் எடுத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். மேலே வெள்ளையாக ஒரு படலம் ஏறிவிட்டது. ரத்தத்தில் கொழுப்பு அளவுக்கு மீறிப்போனால் அதுவே கணையத்தைக் கெடுக்கும் என்று டாக்டர் சொல்லி, குழாயை அவர் மனைவியிடம் காட்டினார். அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. வியாதியைப் பற்றிய வருத்தம் இல்லை அது.

“எங்க வீட்டு வாசப்படியை வனஸ்பதி மிதிச்சதில்லை டாக்டர் சாஹிப். வேணும்னா மோந்து பாருங்க, அசல் பசு நெய்!”

நேர்மையான மனைவி

இனிச் சொல்லப்போவது வரதராஜன் என்பவரைப் பற்றி. மத்திய சர்க்கார் குமாஸ்தா. பல வருஷம் கரோல் பாகில் தனியாக அறை எடுத்து இருந்தவர். மனைவி ஜானகி பிள்ளைகளின் படிப்புக்காகத் திருச்சியிலேயே இருந்துவிட்டு, அப்போதுதான் தில்லிக்கு வந்திருந்தார். அவருடைய இந்தி, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கத்தரிக்காய் பேரம் பேசும் அளவுக்கு.

வரதராஜனைக் கொண்டுவந்தபோது அவருக்குப் பாதி நினைவுதான். கணையம் என்று தெரிந்ததும் இளம் டாக்டர் எதனால் என்று விசாரிக்க ஆரம்பித்தார். நான் கதவருகே நின்றேன்.

“பீத்தே ஹை?” என்றார் டாக்டர். குடிப்பாரா என்று அர்த்தம்.

“பஹுத் ஹை,” என்றார் ஜானகி. நிறைய.

“எப்போதிலிருந்து?”

“சோட்டா ஸே.” கையைத் தாழ்த்தி முழங்கால் உயரம் காட்டினார்.

“ரோஜ்?”

“ரோஜ், ரோஜ். சுபஹ் ஜ்யாதா.” தினமும், காலையில் அதிகம்.

டாக்டர் மளமளவென்று எழுதினார். வெளியே வந்ததும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: “கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரு பெக்னுதான் எல்லா மனைவியும் சொல்வாங்க சாச்சா. இவ்வளவு நேர்மையான பொம்பளையை நான் பார்த்ததில்லை.”

பால்

ஜானகி அம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பஞ்சாபி அம்மாள். மகன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, தலையில் அடி. அவன் அசையாமல் தூங்குவதற்காக வெள்ளையாக ஒரு மருந்து ஏற்றினார்கள். பார்க்கப் பால் மாதிரியே இருக்கும். இரண்டு நாள் போனபின் அவனுக்கும் ரத்தத்தில் கொழுப்பு ஏறிக் கணையம் வீங்கியது. மருந்தால் இருக்கலாம் என்று நிறுத்திவிட்டு நிறமில்லாத வேறொன்றைக் கொடுத்தார்கள். அடிபட்டு வந்தவருக்கு உள்ளே போனபிறகு இப்படியும் வரும்.

இதைச் சைகையிலேயே புரிந்துகொண்ட ஜானகி, “இவருக்கும் ஏதாவது மருந்தால வந்திருக்குமோ அண்ணே?” என்று கேட்டார். நான் செருப்புகளைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன். பையன் பிறகு தேறிவிட்டான். ஆனால் மருந்தை மாற்றியபோது அவன் அம்மாவுக்கு ஒரே மனக்குறை: “பால் கொடுத்தவரைக்கும் பிள்ளை நிம்மதியாத் தூங்கினான். இப்ப தண்ணியைக் கொடுத்து ஏமாத்தறாங்க, பையா!”

கொழுந்தன்

முனிர்காவில் இருந்த வரதராஜனின் தம்பி சந்துரு மறுநாள் வந்தார். நல்ல இந்தி பேசுவார். டாக்டரிடம் பேசிவிட்டு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணியிடம் நேராகச் சொல்ல முடியாமல், “தனியா இருந்தவர்தானே அண்ணி, நமக்கென்ன தெரியும்?” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சில நாள் அவர் வரவில்லை.

அந்த வார்த்தை அம்மாளின் மனதில் எதையோ கிளறிவிட்டது. மூன்றாம் நாள் வரதராஜனுக்குக் காய்ச்சல் ஏறியது, கண் மஞ்சளானது. குடித்துக் கெட்ட ஈரல், அதுதான் என்று டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அம்மாளிடம், இப்படியே போனால் கஷ்டம் என்று மட்டும் சொன்னார்கள். வீட்டு ஆட்களிடம் டாக்டர்கள் ‘கஷ்டம்’ என்றால் என்ன அர்த்தம் என்று வாசலில் நின்றவனுக்குத் தெரியும். ஜானகி அம்மாளுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவர் கேட்டது இதை: “அண்ணே, இவர் இங்க தனியா இருந்தப்ப வேற குடும்பம் ஏதாவது இருந்திருக்குமோ?”

எதைத் தொடக்கூடாது?

சந்துரு வராததால் இளம் டாக்டர் என்னைப் பிடித்தார். “சாச்சா, நீங்க மதராஸிதானே? பிழைச்சு வீட்டுக்குப் போனா ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாதுன்னு அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க.”

அம்மாளிடம் போய்ச் சுற்றிவளைத்தேன். “அம்மா, வீட்டுக்குப் போனப்புறம் ஐயா அதைத் தொடவே கூடாதாம்.”

“எதை?”

“அதைத்தாம்மா.”

“எதைண்ணே? புளியையா?”

“பிராந்தி, விஸ்கி...”

அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். “யார் குடிச்சா?”

“நீங்கதானே முதல் நாள் டாக்டர்கிட்ட சொன்னீங்க, பஹுத் ஹைன்னு.”

“பித்தம் இருக்கான்னு கேட்டார். இருக்குன்னேன். அவருக்குப் பித்த உடம்பு. சின்ன வயசிலேர்ந்து காலைல எழுந்தாத் தலைசுத்தும், மஞ்சளா வாந்தி எடுப்பார். எண்ணெய்ப் பண்டம் தின்னா வலப்பக்கம் பிடிச்சுக்கும். அதைச் சொன்னா குடிகாரனா ஆக்கிடறதா?”

பீத்தே ஹை, பித்தம் ஹை என்று வாய்க்குள் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். டாக்டர்களிடம் நானாகப் போய்ப் பேசியது அதுவரை கிடையாது. போனேன். கேட்டதும் இளம் டாக்டரின் பேனா நின்றுவிட்டது. முதல் நாள் ஸ்கேனில் வயிற்றில் காற்று அடைத்துக்கொண்டு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. காரணம்தான் கிடைத்துவிட்டதே என்று விட்டிருந்தார்கள். பெரிய டாக்டரம்மாவைக் கூப்பிட்டு மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கற்கள். ஒன்று நழுவி வந்து குழாயை அடைத்திருந்தது. கணையத்துக்கும் கண் மஞ்சளுக்கும் அதுதான் காரணம். அன்றைக்கே வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள்.

டாக்டரம்மா இளம் டாக்டரைப் பார்த்துச் சொன்னது வாசல்வரை கேட்டது: “பித்தப்பைக்கு நம்ம பாஷையிலும் பித்தாதான். அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. பாட்டிலைத் திறந்தது நீ!”

ஒரு வாய்

காய்ச்சல் இறங்கி, கண் வெளுத்து, வரதராஜனை வார்டுக்கு மாற்றிய அன்று சந்துரு வந்தார். செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “அண்ணி, நான் போய் அப்படி நினைச்சிட்டேனே...” என்று ஆரம்பித்தார். அம்மாள் முடிக்க விடவில்லை. தன் மனதில் ஓடியதையும் அவர் சொல்லவில்லை. பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் காபியை ஊற்றி நீட்டினார்.

“குடிகாரர் வீட்டு வாசலுக்கு வந்திருக்க, சும்மா அனுப்பலாமா? சொல்லு சந்துரு, பீத்தே ஹை?”

அதற்கப்புறம் எந்த டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் அர்த்தம் தப்பாமல் இருக்கட்டும் என்று பின்னாலிருந்து கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டிவந்தேன். பாதிப் பேர் டீ எங்கே கிடைக்கும் என்று என்னையே கேட்டார்கள்.